பிருந்தா தைத்த கட்டி

பிருந்தாவிடம் புதுத் துணி எதையும் காட்டாதீர்கள் என்று அவளுடைய சொந்தக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். பார்த்தால் பிரித்துவிடுவாள். கெடுக்கும் எண்ணமெல்லாம் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது, எதனால் இது இப்படி நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கல்யாணமான புதிதில் கணவர் லட்சுமிநாராயணனின் வரவேற்புக்குப் போட்ட கோட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. தோள்பட்டை எப்படி இவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று பார்க்க உள்துணியைப் பிரித்தாள். திரும்பத் தைத்தபோது ஒரு தோள் மட்டும் தூக்கிக்கொண்டது. அவர் அதற்குப் பிறகு அந்தக் கோட்டைப் போடவில்லை.

மதுரை முனிச்சாலையை ஒட்டிய ஒரு சந்தில் அவர்கள் வீடு. வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். முன்னறையில் தையல் மிஷினுக்கு எதிரே வந்து நிற்பவர்களிடம் தமிழ். லட்சுமிநாராயணன் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். பிருந்தா ஜாக்கெட் தைத்தாள். சாயத்தில் புள்ளி விழுவதற்காகச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் என்பதால், துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி, கடுகளவு முடிச்சாக இறுக்குவது சின்ன வயதிலேயே அவள் கைக்கு வந்திருந்தது. ஆனால் அவளுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஒரே முடிச்சைத் திரும்பத் திரும்பப் போடுவதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்பாள்.

நாகஜோதி அவளுக்குத் தோழியானதும் பிரிக்கிற புத்தியால்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாகஜோதி உசிலம்பட்டியிலிருந்து வந்து மதுரையில் விடுதியில் தங்கி உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுப் போட்டிக்குப் போடுகிற ட்ராக் பேண்ட்டின் இடுப்பைச் சின்னதாக்கிக் கொடுக்கச் சொல்லி பிருந்தாவிடம் கொடுத்தாள். சொன்ன நாளில் வாங்க வந்தால், மேஜை மேல் பேண்ட் இல்லை. துண்டு துண்டாக வெட்டி விரித்தது போல் ஒரு கால், இன்னொரு கால், தனியாக எலாஸ்டிக்.

"என் பேண்ட்ட என்னக்கா பண்ணி வச்சுருக்கீங்க?"

"இந்த எலாஸ்டிக்க இழுத்துப் பிடிச்சுத் தச்சாங்களா, தச்சுட்டு உள்ள விட்டாங்களான்னு பாத்தேன். உக்காரு, இப்ப மாட்டிடுறேன்."

"நாளைக்கு எனக்கு ஓட்டப் பந்தயம்க்கா!"

அன்று சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து, திட்டித் திட்டி, கடைசியில் பேண்ட்டோடு ஒரு டம்ளர் காபியும் குடித்துவிட்டுத்தான் நாகஜோதி போனாள். அடுத்த வாரம் ஒன்றும் தைக்கக் கொடுக்காமலேயே வந்தாள். கொஞ்ச நாளில் அக்கா போய் 'ஏய் பிருந்தா' ஆகிவிட்டது.

படிப்பு முடிந்து நாகஜோதி சொந்த ஊரிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதம் ஒரு தடவையாவது டவுனுக்கு வந்துவிடுவாள். இரண்டாயிரத்து ஒன்றில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கையில் எதுவோ தட்டுப்பட்டது. மதுரையில் காட்டினாள். புற்றுநோய் என்றார்கள். அந்தப் பக்கத்தை முழுவதுமாக எடுத்தார்கள். பிறகு ஊசி மருந்து, கரண்ட்டு வைப்பது என்கிற கதிர்வீச்சு, முடி உதிர்ந்தது, மறுபடி முளைத்தது.

பார்க்க வந்த எல்லோரும் கேள்வி கேட்டார்கள். எப்படி வந்தது, யாருக்காவது வீட்டில் இருந்ததா, கல்யாணம் செய்துகொள்ளாததால் வந்ததா, இனி வேலைக்குப் போக முடியுமா. நாகஜோதி எல்லாவற்றுக்கும் "தெரியல" என்று ஒரே பதிலைச் சொல்லிக் களைத்துப்போனாள். பிருந்தா வந்து கட்டிலில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"அது கையில எப்படி இருந்துச்சு?"

"எது?"

"அந்தக் கட்டி. பத்து வருசமா உனக்கு அளவு எடுக்குறேன். போன தீபாவளிக்குக்கூட எடுத்தேன். டேப்பு அது மேல தான போயிருக்கும்? எனக்கு ஒண்ணுமே தெரியலையே. அதான் கேக்குறேன். எப்படி இருந்துச்சு?"

நாகஜோதிக்கு முதல் தடவையாகப் பதில் தெரிந்த ஒரு கேள்வி வந்திருந்தது. கண்ணை மூடி யோசித்தாள்.

"மொச்சைக்கொட்டை மாதிரி. வேகாத மொச்சை. ஆனா தள்ளுனா உருளல. அங்கனயே பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"வலிச்சுச்சா?"

"இல்லடி. வலிச்சுருந்தா முன்னாடியே பாத்திருப்பேன்ல?"

இரண்டு வருடம் கழித்து நாகஜோதி ஒரு யோசனையோடு வந்தாள். மதுரையில் ஓர் அறக்கட்டளை, ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குப் பரிசோதனை செய்ய ஒரு வேன் வாங்க நிதி திரட்டிக்கொண்டிருந்தது. அதற்காக உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரை நடக்கப் போவதாகச் சொன்னாள். கூட வேலை பார்க்கும் டீச்சர்கள், பழைய மாணவிகள் என்று ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. ராத்திரி செக்கானூரணியில் ஒரு மண்டபத்தில் தங்கிவிட்டு மறுநாள் டவுனுக்குள் நுழைவது. வழியில் ஊருக்கு ஊர் நின்று பேசுவது.

பிருந்தாவுக்குக் குதிகால் வலி. கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினாலே வெந்நீரில் காலை வைக்க வேண்டும். "நான் நடந்தா உன்னையத் தான் தூக்கிட்டு வரச் சொல்லணும். நடக்குறவங்களுக்குத் தொப்பி தச்சுத் தரவா?" என்றாள்.

"தொப்பி கெடக்கட்டும். ஒத்திகையா போன வாரம் ஸ்கூல்ல அம்மாக்களக் கூப்பிட்டுப் பேசுனேன். மாருல கட்டி வந்தா பாக்கணும்னு சொன்னேனோ இல்லையோ, அம்புட்டுப் பேரும் தரையப் பாத்துட்டாங்க. ஒரே ஒருத்தி மட்டும், கட்டின்னா எப்படி டீச்சர் இருக்கும்னு கேட்டா. மொச்சை மாதிரின்னேன். மொச்சை எப்படிம்மா உள்ள போகும்னு பக்கத்துல இருந்தவ கேக்க, எல்லாரும் சிரிச்சு, அதோட போச்சு."

நாகஜோதி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிருந்தா சிரிக்கவில்லை. பக்கத்து ஜன்னலில் கிடந்த பனியன் துணி ஒன்றை எடுத்து, இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் தைத்தது சுலபமாகத்தான் இருந்தது. பனியன் துணியில் மார்பு போல வட்டமாக ஓர் உறை, உள்ளே இலவம்பஞ்சு, நடுவில் ஒரு மொச்சை. நாகஜோதியிடம் கொடுத்தாள். அவள் அழுத்திப் பார்த்துவிட்டு, "தலகாணிக்குள்ள கொட்டை விழுந்த மாதிரி இருக்கு" என்றாள். மொச்சை ஓடியது. எங்கே தொட்டாலும் நழுவிப் பஞ்சுக்குள் ஒளிந்துகொண்டது.

ஓடாமல் இருக்க என்ன செய்வது? கோந்து போட்டு ஒட்டினாள்; சுற்றியிருந்த பஞ்சும் சேர்ந்து கல்லாகிவிட்டது. பிறகு ஒருநாள் மத்தியானம், உறைக்குள் இன்னோர் உள்துணி கொடுத்து, மொச்சையை அந்தத் துணியோடு சேர்த்துக் கிள்ளி நூலைச் சுற்றிக் கட்டினாள். சுங்குடிக்குப் போடுகிற அதே முடிச்சு, கொஞ்சம் பெரிதாக. இப்போது தள்ளினால் துணியும் கூடவே நகர்ந்தது. தனியாக உருளவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, நடுவிரல்களால் வட்டமாக அழுத்திக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. முகம் மாறிவிட்டது. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இதுதாண்டி," என்றாள்.

அதைத் தூக்கிக்கொண்டு இருவரும் நாகஜோதிக்குச் சிகிச்சை செய்த டாக்டர் முத்துத்தாயைப் பார்க்கப் போனார்கள். நடைபயணத்தில் அவரும் வருவதாக இருந்தது. டாக்டர் அதை வாங்கி அழுத்திப் பார்த்துவிட்டு, "கட்டி நல்லாருக்கு. மத்தது சரியில்ல" என்றார்.

"மத்தது என்னம்மா?"

"கட்டி இல்லாத எடம். இம்புட்டு வழவழன்னு யாருக்கு இருக்கு? உள்ள தானாவே திட்டுத் திட்டா, நெறுநெறுன்னு இருக்கும். அது இயல்பு. இத வச்சுப் படிச்சுட்டுப் போனா, வீட்டுல தன்னைத் தொட்டுப் பாக்குறவ எல்லாத்தையும் கட்டின்னு நெனச்சு பயந்துருவா. இயல்பா இருக்கறதுக்கு நடுவுல வித்தியாசமா இருக்கறதக் கண்டுபிடிக்கணும். அதுதான் வேலை. அதுலயும் பெரும்பாலான கட்டி புத்துநோயா இருக்காது. அதையும் சொல்லணும்."

பிருந்தாவுக்கு அன்று தலைகால் புரியாத ஆனந்தம். தனக்குத் தெரியாத ஒரு பெரிய விஷயம் இருக்கிறது என்று தெரிந்தால் அவளுக்கு அப்படித்தான். டாக்டரை அரைமணி நேரம் கேள்வி கேட்டாள். வயசானால் மாறுமா? பிள்ளை பெற்றவளுக்கு? மாதத்தில் எந்த நாளில் எப்படி? வெளியில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

அடுத்த சில வாரங்கள் லட்சுமிநாராயணனுக்குச் சோதனைக் காலம். கடையிலிருந்து வந்தால் மேஜை மேல் வரிசையாகத் துணி மார்புகள். உள்ளே ஜவ்வரிசி போட்டது ஒன்று, சோபாக் கடையில் வாங்கிய ஸ்பாஞ்சைப் பொடிப் பொடியாகக் கிள்ளிப் போட்டது ஒன்று, இரண்டையும் கலந்தது ஒன்று. ஜாக்கெட் வாங்க வாசல் பக்கம் யாராவது வந்தால் அவர் ஓடிப்போய்ச் செய்தித்தாளை விரித்து மூடுவார்.

"இத உள் ரூம்ல வச்சுச் செய்யக் கூடாதா?" என்று சௌராஷ்டிரத்தில் கேட்பார்.

"அங்க வெளிச்சம் பத்தாது" என்பாள்.

ஒருநாள் அவரே கடையிலிருந்து ஒரு துண்டுத் துணி கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார். பனியன் துணியைவிட மெல்லியது, நாலு பக்கமும் இழுபடுவது. பிருந்தா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார். கடைசியில் சரியாக வந்தது அந்தத் துணியில்தான்.

மாசி மாதத்தில் நடைபயணம் தொடங்கியது. காலையில் உசிலம்பட்டியில் கொடியசைத்து அனுப்பினார்கள். பிருந்தா டவுன் பஸ்ஸில் முன்னால் போய் ஒவ்வோர் ஊரிலும் இறங்கிக் காத்திருப்பது என்று ஏற்பாடு. அவளிடம் கறுப்புத் துணியில் தைத்த சுருக்குப் பைகள் ஆறேழு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துணி மார்பு. கண்ணால் பார்க்க வைத்தால் பெண்கள் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார்கள் என்று அவளே யோசித்துப் பையைத் தைத்திருந்தாள்.

வழியில் முதல் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. நாகஜோதி மைக்கில் பேசினாள். டீக்கடை பெஞ்சில் இருந்த ஆண்கள்தான் கேட்டார்கள், அதுவும் பாதிச் சிரிப்போடு. பெண்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

கருமாத்தூரில் பிருந்தா மைக்குக்காகக் காத்திருக்கவில்லை. கூட்டம் வந்து சேருவதற்கு முன்பே, தண்ணீர்க் குழாயடிக்குப் போய், அங்கே குடத்தோடு உட்கார்ந்திருந்த பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"இதுக்குள்ள ஒண்ணு ஒளிச்சு வச்சுருக்கேன். பாக்கக் கூடாது. கைய விட்டு, எங்கன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

"என்னக்கா அது? தேள கீள வச்சுருக்கீங்களா?"

"தேள வச்சுட்டு நான் இப்படி மடியில வச்சுக்கிட்டு உக்காருவேனா?"

ஒருத்தி கையை விட்டாள். "ஆத்தி" என்று இழுத்துக்கொண்டு தோழியின் முதுகில் முகத்தை மறைத்துச் சிரித்தாள். என்னடி, என்னடி என்று அடுத்தவள் கையை விட்டாள். அவளும் சிரித்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை. விரல் தேடிக்கொண்டிருந்தது. "இந்தா இருக்கு!" "அது இல்ல, நல்லா அழுத்திப் பாரு." "அப்ப இதுவா?" கொஞ்ச நேரத்தில் குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் குழாயை மூடவில்லை. நாகஜோதியின் கூட்டம் வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு சண்டையே நடந்துகொண்டிருந்தது. ஒரு பையில் கட்டியே வைக்காமல் வெறுமனே தைத்திருந்தாள் பிருந்தா. அதில்தான் இரண்டு பேர் ஆளுக்கோர் இடத்தில் கட்டி இருக்கிறது என்று அடித்துச் சொன்னார்கள். அந்தப் பையை வைத்தே டாக்டர் முத்துத்தாய் பேச ஆரம்பித்தார். இந்த முறை எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். மைக் தேவைப்படவில்லை.

ரெங்கம்மாள் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். எல்லோரும் டாக்டரைச் சுற்றிக்கொண்ட பிறகு பிருந்தாவிடம் வந்து ஒரு பையை வாங்கினாள். மற்றவர்களைப் போலச் சிரிக்கவில்லை. நிதானமாகக் கையை விட்டு, முழுவதும் பார்த்துவிட்டு எடுத்தாள்.

"இது சரியில்லக்கா," என்றாள்.

"எது சரியில்ல?"

"இப்படி உருண்டையா இருக்காது. மேல தோலு உள்ள இழுத்துக்கிட்டுக் குழியாட்டம் இருக்கும். அதுக்குக் கீழ தான் தட்டையா கையில படும்."

பிருந்தாவுக்கு இன்னொரு புது விஷயம் கிடைத்துவிட்ட ஆவல். "அப்படியா? எம்புட்டுக் குழி? தொப்புள் மாதிரியா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாகஜோதி எப்போதும் 'இருந்துச்சு' என்றுதான் சொல்வாள். இவள் 'இருக்கும்' என்கிறாள்.

பிருந்தா சத்தம் போடவில்லை, டாக்டரைக் கூப்பிடவில்லை. மடியிலிருந்த தையல் பெட்டியைத் திறந்து ஊசியில் நூலைக் கோத்தாள். பையிலிருந்து துணி மார்பை எடுத்து முந்தானைக்கு உள்ளே மறைத்து ரெங்கம்மாளிடம் நீட்டினாள்.

"எனக்கு அது தெரியாதும்மா. எப்படின்னு தச்சுக் காட்டு."

ரெங்கம்மாள் ஊசியை வாங்கினாள். கோணி தைத்துப் பழகிய கை. மேல்துணியில் ஓர் இடத்தில் குத்தி, உள்ளேயிருந்து இழுத்து, முடிச்சுப் போட்டாள். துணி சுருங்கிக் குழி விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பருந்து?" என்று பிருந்தா கேட்டாள்.

"ஐப்பசியில கன்னு போட்டுச்சு மாடு. அதுக்கு முன்னாடி."

"வீட்டுல தெரியுமா?"

"யாருட்ட சொல்ல? சொன்னா என்னாகும்?"

பிருந்தா நாகஜோதியைக் கைகாட்டினாள். "எனக்கும் தெரியாது. ஆனா அந்தா நிக்கிறா பாரு, நீலச் சேலை, அவளுக்கு எடுத்துட்டாங்க. அவகிட்ட கேளு. எம்புட்டுக் கேட்டாலும் சொல்லுவா. நான் ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

ரெங்கம்மாள் நாகஜோதியிடம் அங்கே போய்ப் பேசவில்லை. வீட்டுக்குப் போய்ப் பால் வேலையை முடித்துவிட்டு, டீச்சரம்மா கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, கூட்டத்தின் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள். அன்று ஊரில் நிறையப் பெண்கள் அப்படிக் கொஞ்ச தூரம் நடந்தார்கள், யாரும் எதையும் கேட்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். ரெங்கம்மாள் நாகஜோதியின் பக்கத்தில் நடந்துகொண்டே இருந்தாள். செக்கானூரணி மண்டபத்துக்கு வந்து சேர்ந்ததும் இருவரும் ஒரே இலையில் பொட்டலச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். உள்ளறையில் டாக்டர் ரெங்கம்மாளைப் பரிசோதித்தார். மறுநாள் அவள் வீட்டுக்காரருக்கு ஆள் சொல்லி அனுப்பி வரவழைத்தார்கள். கோபமாகத்தான் வந்தார். நாகஜோதி அவரைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினாள். அவர் நாகமலை புதுக்கோட்டை வரை கூட்டத்தோடு நடந்தார். அங்கே ஒரு கடையில் சோடா வாங்கி வந்து மனைவியிடம் கொடுத்தார்.

ரெங்கம்மாளுக்கு நோய் கொஞ்சம் முற்றித்தான் இருந்தது. முதலில் மருந்து, பிறகு அறுவை சிகிச்சை, பிறகு மறுபடி மருந்து. மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பாதியில் விடப் பார்த்தாள். ஊர்ப் பெண்கள் முறை வைத்துப் பால் கறந்து ஊற்றினார்கள். அவளுக்கு அளவாக ஜாக்கெட் தைத்துக் கொடுத்தது பிருந்தா. எடுத்த பக்கத்தில் வைக்கும் பையில் பஞ்சோடு கொஞ்சம் கேழ்வரகையும் சேர்த்துத் தைத்தாள். வெறும் பஞ்சு வைத்தால் கனமில்லாமல் ஜாக்கெட் மேலே ஏறுகிறது என்று ரெங்கம்மாள் சொல்லியிருந்தாள். இதை நாகஜோதி ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று பிருந்தா அவளிடம் சண்டைக்குப் போனாள். "நீ அதக் கேக்கலையே" என்றாள் நாகஜோதி.

மறு வருடம் வேன் வந்துவிட்டது. முதல் முகாம் திருவாதவூரில். கறுப்புப் பைகளோடு பிருந்தாவும் போயிருந்தாள். இப்போது குழி விழுந்த மாதிரி ஒரு பையும் இருந்தது. அதை ரெங்கம்மாளே வைத்துக்கொண்டு பெண்களிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் நாகஜோதி வேன் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"பிருந்தா, நீ பாத்துக்கிட்டியா?"

"என்னத்த?"

"உன்னைய."

பிருந்தா பையின் சுருக்குக் கயிற்றை இழுத்து இழுத்து விட்டாள். எத்தனையோ பேருக்கு விரலை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் அவள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கையைத் தூக்குவாள். உடனே அடுப்பில் ஏதோ இருப்பது ஞாபகம் வந்துவிடும். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிற தனக்கு இது மட்டும் தெரிய வேண்டாம் என்று ஏன் தோன்றியது என்று அவளுக்கே புரியவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு," என்றாள் நாகஜோதி. "வா. நான் கூட வாரேன்."

உள்ளே டாக்டர் முத்துத்தாய் பார்த்தார். பிறகு படம் எடுக்கிற மிஷின் இருந்தது. அங்கே வேலை செய்த பெண், பிருந்தாவை அதன் முன்னால் நிறுத்தி, மேலும் கீழுமாக இரண்டு தட்டுக்கு நடுவில் மார்பை வைத்து இறுக்கினாள். பிருந்தா பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மூச்சை விடலாம் என்று சொன்னதும் அவள் முதலில் கேட்டது, "ஏம்மா, இந்தத் தட்டு எதுல செஞ்சது?"

"பிளாஸ்டிக் மாதிரிதாங்க. அசையாம நில்லுங்க, அடுத்த பக்கம் எடுக்கணும்."

"இம்புட்டு ஏன் நசுக்கணும்?"

"பரத்தி வச்சாத்தான் உள்ள இருக்கறது ஒண்ணு மேல ஒண்ணு மறைக்காம தெரியும்."

"துணிய விரிச்சுப் பாக்குற மாதிரியா?"

"ஆமாங்க. கைய அந்தக் கம்பியில வைங்க."

வெளியே காத்திருந்த நாகஜோதிக்கு உள்ளே கேள்வி மேல் கேள்வி விழுந்துகொண்டிருப்பது கேட்டது. பயப்பட வேண்டியதில்லை, ஒன்றுமில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். பிருந்தா தலையை ஆட்டிவிட்டு, அந்தப் படத்தைத் தான் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். டாக்டர் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கறுப்பில் வெள்ளை வெள்ளையாக இழைகள் ஓடிக்கிடந்தன. பிருந்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அருகில் போய் நின்றாள்.